இமையில் எவ்வளவு எடுப்பது

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பேர் தூங்குமூஞ்சி. வைத்த பெண் அடுத்த வருஷமே வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். பேர் மட்டும் போகவில்லை. அப்பாவுக்கும் அதே கண்தான். மேல் இமைத் தோல் கனத்து மடிந்து, கருவிழியில் பாதியை மூடிக்கொண்டு கிடக்கும். அப்பா ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தவர். முதலாளி உள்ளே நுழைந்தால் மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். அப்பா எழுந்து நின்று, "தூங்கலைங்க ஐயா" என்பார். அதற்கப்புறம்தான் வணக்கம்.

இவள் பஸ் ஓட்டப் போனாள். இளம் வயதில் ஸ்டீயரிங்கைப் பிடித்தவள், தலை நரைக்கும் வரை இன்னொரு வண்டியின் கண்ணாடியைக்கூட உரசியதில்லை. ஆனால் வயது ஏற ஏற இமை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. உயரத்தில் இருக்கும் சிக்னல் விளக்கைப் பார்க்கப் புருவத்தைத் தூக்கி, தாடையையும் நிமிர்த்த வேண்டியிருந்தது. சாயங்காலம் ஆனால் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். ஏன் வலிக்கிறது என்று அவள் யோசித்ததில்லை. பஸ் ஓட்டுகிறவளுக்கு எங்கேதான் வலிக்காது?

பிறகு டிப்போவில் எல்லா பஸ்ஸிலும் கேமரா வைத்தார்கள். ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. ஓட்டுநர் கண் செருகினால் அது கீச்சென்று கத்தும். சீட் கடகடவென்று நடுங்கும். ஆபீசுக்கும் தகவல் போகும். மற்றவர்களுக்கு எப்போதாவது கத்தியது. இவளுக்கு டிப்போ கேட்டைத் தாண்டுவதற்குள் கத்த ஆரம்பித்தது.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பதறிப்போனார். "யம்மா, கொஞ்சம் முழிச்சிக்கம்மா. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"நான் தூங்கலைங்க ஐயா."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு முழுவதும் கண்ணை அகல விரித்துக்கொண்டே ஓட்டினாள். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கையைக் கொண்டுபோனால், முகத்தை மறைக்கிறாள் என்று அதற்கும் ஒரு கீச்.

டிப்போ மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசினார்.

"நீங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பாக்கறேன், உங்க முகமே அப்படித்தான். ஆனா அந்த மெஷினுக்கு யார் சொல்றது? அதுக்குக் கண்ணு எவ்வளவு திறந்திருக்குன்னுதான் தெரியும். மேலிடத்துல என்னைக் கேக்கறாங்க."

"கேமராவை வேற பக்கம் திருப்பி வெச்சா?"

"ஐயோ, அதுக்கும் கத்தும்." அவர் கைகளை விரித்தார். "ஏதாவது கண்ணு டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் ஷெட்டுல இருங்க."

ஷெட் வேலை என்றால் பஸ்ஸைக் கழுவுகிற இடத்துக்கு ஓட்டுவது, கழுவியதைத் திரும்பக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்துவது. நாளெல்லாம் ஓட்டினாலும் ஒரு தெருவைக்கூடப் பார்க்க முடியாது. சோப்புத் தண்ணீரில் செருப்பு ஊறிப்போகும். ஏறுகிறவர் இல்லை, இறங்குகிறவர் இல்லை. காலி பஸ்ஸை ஓட்டுவது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? புருஷன் பேக்கரியில் ரொட்டி அடுப்புக்காரர். இருட்டோடு போய் மத்தியானம் வருவார். மாமனாருக்கு நினைவு தப்ப ஆரம்பித்து வெகுநாளாகிறது. ஆளை ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. ஆனால் இவளை மட்டும் மறக்கவே இல்லை. "தூங்குமூஞ்சி வந்துட்டாளா?" என்பார். மாத்திரையை நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். கீழே விழுந்ததைத் தேடி எடுத்துத் துடைத்து, மறுபடி நீட்டி, மறுபடி தேட வேண்டும்.

ஷெட்டுக்கு மாற்றியதைக் கேள்விப்பட்டதும் தங்கச்சி போன் பண்ணினாள். தங்கச்சி பார்லர் வைத்திருக்கிறாள். அப்பாவின் கண் அவளுக்கும் வந்திருந்தது. சில வருஷங்களுக்கு முன்பே வேறெங்கோ போய் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அவள் கண் போட்டோவில் பெரிதாக, பளிச்சென்று, கொஞ்சம் ஆச்சரியப்பட்டதுபோல் இருக்கும்.

"அப்பவே சொன்னேன், கேட்டியா நீ? மேல் இமை, கீழ் இமை, புருவம் எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சிடு. அரைகுறையா பண்ணாத. தோலை மிச்சம் வைக்காம எடுக்கச் சொல்லு."

"எனக்கு சிக்னல் தெரிஞ்சா போதும்டி."

"சிக்னல் தெரியறதுக்குக் கண்ணாடி போட்டுக்கோ. இது மூஞ்சி விஷயம்."

புருஷன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உடம்பிலிருந்து மாவு வாசனை வந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

"உன் மூஞ்சி, உன் இஷ்டம். ஆனா ஒண்ணு, பொண்ணு பாக்க வந்தப்ப இந்தக் கண்ணைப் பாத்துட்டுத்தான் சரின்னேன். இது சண்டைக்கு வராது, சீக்கிரம் தூங்கிடும்னு நினைச்சேன்."

"நல்லா ஏமாந்தீங்க."

"நல்லா ஏமாந்தேன்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

இமை டாக்டர் இவளைவிட வயதில் சின்னவள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். சுவரில் பண்ணுவதற்கு முன், பண்ணிய பின் என்று ஜோடி ஜோடியாகப் போட்டோக்கள். எல்லாருமே முதல் போட்டோவில் சோகமாகவும் இரண்டாவதில் சந்தோஷமாகவும் இருந்தார்கள். கண்ணைத் திருத்தினால் சந்தோஷமும் கூடவே வருமா, இல்லை போட்டோ எடுத்தவர் சிரிக்கச் சொன்னாரா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெற்றியை விடுங்க" என்றாள் டாக்டர்.

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

"இல்ல, தூக்கிப் பிடிச்சிருக்கீங்க." டாக்டர் இரண்டு கட்டைவிரலையும் அவள் புருவத்தின் மேல் வைத்து மெதுவாக அழுத்தினாள். "இப்பத் திறங்க."

திறந்தாள். அறை பாதியாகிவிட்டது. டாக்டரின் மோவாய்க்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. நாளெல்லாம் இமையைத் தான் நெற்றியால் சுமந்துகொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சாயங்காலத் தலைவலி எங்கிருந்து வருகிறது என்பதும்.

டாக்டர் சின்ன அளவுகோலைக் கண்ணருகே பிடித்து மேலே பார், கீழே பார் என்றாள். கீழ் இமைக்குள் காகிதத் துண்டு ஒன்றைச் செருகிக் கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்த்தாள். பக்கத்து அறையில், ஒரு கிண்ணம்போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மேல் பக்கத்தில் புள்ளியே வரவில்லை என்று அவள் நினைத்தாள். வந்ததாம்.

பிறகு டாக்டர் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு விளக்கமாகச் சொன்னாள்.

"சின்னப் பொண்ணுங்க வருவாங்க. தோல் மெலிசா இருக்கும், இமையில மடிப்பு மட்டும் வேணும்பாங்க. அவங்களுக்கு வெட்டவே வேண்டாம். உள்ளே நூல் போட்டுக் கட்டிவிட்டாப் போதும். உங்களுக்கு அது தாங்காது. உங்களுக்குத் தோலே அதிகமா இருக்கு. மடிப்பு விழற இடத்துல கீறி, அதிகப்படியை எடுத்துட்டுத் தைக்கணும். தழும்பு மடிப்புக்குள்ள மறைஞ்சிடும். அப்புறம் இந்த இடது கண்ணைப் பாருங்க. இங்க தோல் மட்டும் இல்ல, இமையைத் தூக்கற தசையே கொஞ்சம் தளர்ந்திருக்கு. தோலை மட்டும் எடுத்தா வலது கண்ணு திறந்துக்கும், இடது பாதியில நிக்கும். அதனால அந்தப் பக்கம் தசையையும் இழுத்துப் பிடிக்கணும்."

"புருவம்?"

"அதுவும் இறங்கித்தான் இருக்கு. தூக்கலாம். அது இன்னும் பெரிய வேலை."

"கண்ணுக்குக் கீழே இருக்கிற பை?"

"அதுக்குள்ள இருக்கிறது கொழுப்பு. இமைக்கு உள்பக்கமா போய் எடுக்கலாம், வெளிய தழும்பு தெரியாது. தோலும் தொங்கினா வெளிப்பக்கம் கீறணும்."

அவளுக்குத் தலை சுற்றியது. டயர் மாற்றப் போனவளிடம் இன்ஜினையும் கழற்றலாமா என்று கேட்பதுபோல் இருந்தது. "எல்லாத்தையும் சேத்து ஒரேயடியா பண்ணிட்டா?"

"பண்ணலாம். எதுக்கு?"

தங்கச்சி சொன்னாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மேனேஜர் சொன்னார் என்பதும் ஒரு பதிலா?

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. "வீட்டுக்குப் போய் யோசிங்க. உங்களுக்கு எது நிஜமா தொந்தரவு பண்ணுதுன்னு பாருங்க. விட்டு வெச்ச தோலைப் பின்னாடி எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். எடுத்ததைத் திருப்பி வைக்கறதுதான் கஷ்டம்."

அந்த வார விடுமுறையில் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். தங்கச்சி ஆல்பத்தைத் திறந்து, பார்லருக்கு வந்துபோகிறவர்களின் கண்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது நூல், இது வெட்டு, இது வெட்டி அசிங்கமாக்கினது என்று ஓயாமல் பேசினாள். மத்தியானம் சாப்பிட்டதும், "கொஞ்சம் படுத்து எழுந்திருக்கறேன்க்கா" என்று உள்ளே போனாள்.

தண்ணீர் பாட்டில் எடுக்க இவள் உள்ளே போனபோது தங்கச்சி மல்லாந்து படுத்திருந்தாள். ஜன்னல் திரை சரியாக மூடவில்லை. தங்கச்சி தன்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள் என்று இவள் நினைத்தாள்.

"தண்ணி எங்கடி வெச்சிருக்க?"

குறட்டைதான் வந்தது. இமை இரண்டும் சேராமல் நடுவில் ஒரு கோடு திறந்தே கிடந்தது. அதற்குள் வெள்ளை விழி தெரிந்தது. கடைக்கண்ணில் பீளை காய்ந்திருந்தது. இவள் பாட்டிலை எடுக்காமல் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கட்டில் அசைந்ததில் தங்கச்சிக்கு விழிப்பு வந்தது. முதல் வேலையாகத் தலையணைக்கு அடியில் துழாவி, சொட்டு மருந்தை எடுத்து இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அக்காவைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்க?"

"கண்ணு மூடலையேடி உனக்கு."

"மூடும். கொஞ்சம் திறந்து நிக்கும், அவ்வளவுதான்."

"எப்பலேருந்து?"

தங்கச்சி மருந்து மூடியைத் திருகினாள். அது சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி திருகினாள். "பண்ணின நாள்லேருந்து. போகப் போகச் சரியாயிடும்னாங்க. ஃபேன் காத்து பட்டா மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. ராத்திரி ரெண்டு தடவை எழுந்து மருந்து விடணும்."

"ஏன் சொல்லலை?"

"எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" அவள் திரையை இழுத்து மூடினாள். "அந்த டாக்டர் மேல தப்பில்லக்கா. இதுக்கு மேல எடுத்தா ஆபத்துன்னாரு. நான்தான் எடுங்கன்னு நின்னேன். அப்பா கண்ணு துளிகூட மிச்சம் இருக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

இவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்புறம் எதுக்குடி என்கிட்டயும் மிச்சம் வைக்காம எடு, எடுன்னு குதிச்ச?"

தங்கச்சி மருந்து கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"நீயும் பண்ணிக்கிட்டா நான் பண்ணினது சரின்னு ஆயிடும்ல" என்றாள்.

இவள் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தாள்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது அவளுக்குப் பதில் இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"கண்ணு முழுசா மூடணும். அதுதான் முதல்ல. அப்புறம் தலையை நிமிர்த்தாம சிக்னல் தெரியணும். கேமரா கத்தக் கூடாது. அதுக்கு எவ்வளவு எடுக்கணுமோ அவ்வளவு எடுங்க. குறைச்சலா எடுத்தாலும் பரவாயில்ல."

"அப்ப மேல் இமையில தோல், இடது பக்கம் தசை. புருவத்துக்குப் போக வேண்டாமா?"

"வேண்டாம்."

"கீழ் இமைப் பை?"

"இத்தனை பையைச் சுமக்கறேன், அதையும் சுமந்துட்டுப் போறேன்."

டாக்டர் சிரித்துவிட்டாள். பிறகு பேனாவை எடுத்து, இமையில் கோடு போட்டுக் காட்டினாள். இரண்டு விரலால் தோலைக் கிள்ளிப் பிடித்து, கண்ணை மூடச் சொன்னாள். மூடியது. "இந்த அளவுக்கு மேல ஒரு இழைகூட எடுக்க மாட்டேன். கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்கும். உங்க முகம் உங்க முகமாத்தான் இருக்கும். அப்புறம் வந்து, இன்னும் எடுத்திருக்கலாமேன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

ஆபரேஷன் அன்றைக்குக் கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஊசிதான் சுருக்கென்றது. பிறகு இழுப்பதும் நெருடுவதும் தெரிந்தது, வலி தெரியவில்லை. நடுவே முடி கருகுவதுபோல் ஒரு வாசனை. இடது கண்ணுக்குத் தசையை இழுத்துக் கட்டும்போது, அடிக்கடி கண்ணைத் திறந்து காட்டச் சொல்லுவேன் என்று டாக்டர் முன்னாலேயே எச்சரித்திருந்தாள்.

"திறங்க" என்றாள் டாக்டர். "அம்மா, கண்ணைத் திறங்க. அம்மா?"

நர்ஸ் தோளைத் தட்டினாள். அவள் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தாள். பகல் வேளையில், ஜில்லென்ற அறையில், யாரும் கூப்பிடாமல் மல்லாந்து படுத்து எத்தனை காலமாகியிருந்தது. "தூங்கலை" என்றாள் வாய் தவறி. முகமூடிக்குள் எல்லாரும் சிரித்தார்கள். தூக்கி உட்கார வைத்து, இரண்டு கண்ணும் ஒரே அளவு திறக்கிறதா என்று டாக்டர் எதிரே நின்று பார்த்தாள். மறுபடி படுக்க வைத்து ஒரு தையலைத் தளர்த்தினாள்.

முதல் சில நாட்கள் முகம் உதை வாங்கியதுபோல் இருந்தது. ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறிக்கொண்டே போனது. புருஷன் லீவு போட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுப்பார், தலைக்கு உயரமாகத் தலையணை அடுக்குவார். கடைக்குப் போய்விட்டு வந்து ஒரு நாள், "மாடி வீட்டுக்காரர் என்னை முறைச்சுப் பாக்கறாரு" என்றார். "நான் அடிச்சுட்டேன்னு நினைச்சிருப்பாரு. சொல்லிடட்டுமா?"

"சொல்லாதீங்க. கொஞ்ச நாள் பயத்துல இருங்க."

தையல் பிரித்த அன்று கண்ணாடியைப் பார்த்தாள். ஏதோ சொந்தக்காரப் பெண் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. இமையில் செக்கச்செவேலென்று ஒரு கோடு. இடது கண் வலதைவிட ஒரு மயிரிழை இறக்கம். வீக்கம் வடிந்து எல்லாம் அமரக் காலம் பிடிக்கும் என்றாள் டாக்டர். மேலே திறந்துகொண்டதால் கீழே இருந்த பை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. ஆனால் நெற்றி தளர்ந்து கிடந்தது. விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தாள். யாரோ தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

அன்றைக்கு மாமனாருக்கு மாத்திரை கொடுக்கப் போனாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கையைத் தட்டவில்லை.

"நீங்க புதுசா வந்திருக்கற நர்ஸுங்களா?"

"ஆமாங்க" என்றாள்.

அவர் மரியாதையாகக் கையை நீட்டி மாத்திரையை வாங்கி, தண்ணீரும் குடித்து, டம்ளரையும் திருப்பிக் கொடுத்தார். பிறகு குரலைத் தணித்து, "இங்க ஒரு தூங்குமூஞ்சி இருக்கா. மாத்திரையை மூஞ்சியில எறியற மாதிரிதான் குடுப்பா. நீங்களே தினம் வந்துடுங்க" என்றார்.

அடுப்படிக்கு வந்து சிரித்தாள். சிரித்தால் தையல் பிரித்த இடம் இழுத்தது. அழுதாலும் இழுக்கும் என்று பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வேலைக்குத் திரும்பினாள். கேமரா அவளைப் பார்த்தது, வாயைத் திறக்கவில்லை. டிப்போ கேட்டைத் தாண்டினாள். சிக்னல் விளக்கு இருந்த இடத்திலேயே தெரிந்தது. அதற்கும் மேலே, இத்தனை வருஷம் அந்த வழியாகப் போயும் அவள் பார்க்காத மாடிகள் இருந்தன. துணி உலர்த்துகிறவர்கள், கம்பியில் வரிசையாகப் புறாக்கள், ஜன்னலில் தாடையை ஊன்றிக்கொண்டு பஸ்ஸைப் பார்க்கும் ஒரு குழந்தை. அன்றைக்கு முதல் நடை முழுக்க அவளுக்கு நன்றாக இருந்தது.

இரண்டாவது வாரத்திலிருந்து வேறு மாதிரி ஆயிற்று. மேனேஜருக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க உற்சாகம். "பளிச்சுன்னு இருக்கீங்க. இந்த நீளமான ரூட்டையும் நீங்களே எடுத்துக்குங்களேன்" என்றார். யாராவது வரவில்லை என்றால் முதல் போன் அவளுக்குத்தான். முன்பு கூட வேலை பார்க்கிறவர்கள், "அக்கா களைச்சுப் போயிருக்கு, விடு, நான் போறேன்" என்று சாவியை வாங்கிக்கொள்வார்கள். இப்போது யாரும் வாங்கவில்லை. வீட்டிலும் அதே கதை. முன்பெல்லாம் புருஷன் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போய்ப் படு, அப்பாவை நான் பாத்துக்கறேன்" என்பார். இப்போது பார்ப்பார், பத்திரிகையைப் புரட்டுவார், அப்படியே நாற்காலியில் தூங்கிவிடுவார்.

இடுப்பு வலி அப்படியேதான் இருந்தது. முழங்கால் அப்படியேதான் இருந்தது. முகம் மட்டும் அவளைக் கேட்காமல் எல்லாரிடமும் நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கடைசி நிறுத்தத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். டூட்டி முடிந்திருந்தது. மேனேஜர் போன் பண்ணினார்.

"இன்னும் ஒரே ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. ஆள் இல்ல."

வழக்கம்போல் "சரி சார்" என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "முடியாது சார். எனக்கு ரொம்ப அசதியா இருக்கு" என்றாள்.

"அசதியா? காலையில பாத்தேனே, நல்லாத்தானே இருந்தீங்க?"

"பாத்தா தெரியாது சார். அதான் சொல்றேன்."

"சரி, வேற ஆளைப் பாக்கறேன்" என்றார் மேனேஜர். அவ்வளவுதான். இடி விழவில்லை. இத்தனை வருஷத்தில் அசதி என்ற சொல்லை ஒரு தரம்கூடத் தான் உபயோகித்ததில்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். உபயோகிக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

வீட்டில் இன்னும் கஷ்டமாக இருந்தது. புருஷனும் அடுப்பனலில் வெந்துவிட்டு வந்தவர்தானே. நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள்.

"உங்களைத்தான். எனக்கு முடியலை."

அவர் பதறி எழுந்தார். "கண்ணுல ஏதாவது?"

"கண்ணுல ஒண்ணும் இல்ல. நான் களைச்சுப்போயிருக்கேன். ராத்திரியில மாமாவை ஒரு நாள் நீங்க பாருங்க, ஒரு நாள் நான் பாக்கறேன்."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் தேடினார், எப்போதும் இருக்கிற இடத்தில் ஒரு சாமானைக் காணாதவர்போல. "எனக்குத் தெரியலையே" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. "முன்னாடி பாத்தாலே தெரியும்."

"இனிமே கேக்கணும். இல்லைன்னா நான் சொல்லணும்."

"சரி" என்றார். அன்றைக்கு அவர்தான் தன் அப்பாவின் அறையில் பாய் விரித்தார். மறுநாள் மறந்துவிட்டார், அவள் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த முறையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் செய்தார்.

அந்த மாதக் கடைசியில் லீவு சொல்லிவிட்டுத் தங்கச்சியை அதே இமை டாக்டரிடம் கூட்டிப்போனாள். தங்கச்சி வரமாட்டேன் என்று ஒரு வாரம் அடம்பிடித்தாள். பார்லரில் ஆள் இல்லை என்றாள், தலை வலிக்கிறது என்றாள், அந்த டாக்டர் தன்னைத் திட்டுவாள் என்றாள். கடைசியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள்.

காத்திருக்கும் கூடத்தில் கூட்டம். ஃபேன் காற்று நேரே படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"என்ன பண்ணுவாங்கக்கா?"

"தெரியாது. ராத்திரிக்குப் போட களிம்பு மாதிரி ஏதோ இருக்காம். அது போதலைன்னா வேற இடத்துலேருந்து கொஞ்சம் தோல் எடுத்து வெச்சுத் தைக்கலாமாம். உன்னைப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்னாங்க."

"அப்ப மறுபடியும் தொங்குமா?"

"தொங்கினா என்னடி இப்ப?"

தங்கச்சி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரில் அந்த ஜோடிப் போட்டோக்கள். இந்தத் தடவை அவற்றைப் பார்க்க இவளுக்குத் தெம்பில்லை. முந்தின நாள் முழுக்க நீளமான ரூட், ராத்திரி மாமனார் முறை. தலையைத் தங்கச்சியின் தோளில் சாய்த்தாள். சும்மா சாய்ந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

தங்கச்சி பேசிக்கொண்டே போனாள். களிம்பு பிசுபிசுக்குமா, தலையணையில் ஒட்டுமா, வெளியில் தெரியுமா என்று கேட்டாள். பதில் வராமல் போகவே குனிந்து பார்த்தாள். அக்காவின் இமைகள் இரண்டும் இறுக மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது.

உள்ளேயிருந்து நர்ஸ் வந்து தங்கச்சியைக் கூப்பிட்டாள். "கூட வந்தவங்களையும் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க."

"வேண்டாம். நானே போறேன்" என்றாள் தங்கச்சி. அக்காவின் தலையைப் பின்சுவரில் சாய்த்து, தன் கைப்பையைத் தலைக்கும் சுவருக்கும் நடுவில் மெதுவாகச் செருகிவிட்டு எழுந்தாள்.